1860-களின் குடும்பப் படங்கள்: யாரும் சிரிக்காதது ஏன்?

பதிவு 1 · நிழற்பேழை

பழைய ஒளிப்படங்களை அறிந்தவர்கள் இங்குப் பலர் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். என்னிடம் விசிட்டிங் கார்டு அளவில், அதாவது ஏறத்தாழ 2½ அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட ஒரு பட அட்டை இருக்கிறது. நடுவில் தந்தை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருடைய தோளில் வலக்கையை வைத்து, இடக்கையில் ஒரு சிறு புத்தகத்தைப் பிடித்தபடி தாய் நிற்கிறார். மறுபுறம் பத்து வயது மதிக்கத்தக்க சிறுவனும் அவனைவிட இளைய சிறுமியும் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், பூவேலை செய்த கனத்த துணி போர்த்திய ஓர் இருக்கையில், நீண்ட வெள்ளை அங்கி அணிந்த கைக்குழந்தை. குழந்தையைத் தவிர எல்லோருடைய உடையும் கறுப்பு. ஒருவர் முகத்திலும் புன்னகை இல்லை. அட்டையின் பின்புறம் பச்சை நிறத்தில் மூன்று சென்ட் அமெரிக்க வரிவில்லை ஒட்டி, பேனாவால் குறுக்கே கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

இதைப் பார்த்த நண்பர் ஒருவர், கறுப்பு உடையால் இது துக்கக் குடும்பம் என்றும், குழந்தையின் பார்வை நிலைகுத்தி நிற்பதால் அது இறந்த குழந்தை என்றும், சிறுவனின் காலணிக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியின் அடிப்பகுதி தெரிவதால் அவனும் இறந்தபின் நிறுத்தி வைக்கப்பட்டவன் என்றும் உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதை எடுத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. இது சரிதானா?

பதிவு 2 · இருட்டறை

உங்கள் நண்பர் மூன்றிலும் தவறியிருக்கிறார் என்று நினைக்கிறேன். முதலில் காலத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக ஒளிப்படங்களின் மீது விதிக்கப்பட்ட வரி, 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே நடைமுறையில் இருந்தது. 25 சென்ட்டுக்கு மேல் 50 சென்ட்டுக்குள் விற்கப்பட்ட படத்துக்கு மூன்று சென்ட் வில்லை. ஆகவே உங்கள் அட்டை விற்கப்பட்ட காலம் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. விலையும் ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. பழைய படங்களில் இவ்வளவு ஒழுங்கான சான்று அரிதாகத்தான் கிடைக்கும்.

இனி அந்த இரும்புத் தாங்கி. அது உயிருள்ளவர்களுக்காகவே செய்யப்பட்டது. கனத்த அடிப்பகுதி, அதிலிருந்து எழும் ஒரு கம்பி, அதன் மேல்முனையில் பின்னந்தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய கவட்டை: அமைப்பு அவ்வளவுதான். நிற்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க அது உதவும். ஓர் உடலின் எடையைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. இறந்தவர்களைப் படமெடுக்கும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்தப் படங்களில் அவர்கள் கட்டிலிலோ சவப்பெட்டியிலோ உறங்குவதுபோல் கிடத்தப்பட்டிருப்பார்கள், அல்லது தாயின் மடியில் இருப்பார்கள். கம்பியில் மாட்டி நிறுத்தப்பட்ட பிணம் என்பது இணையத்தில் வளர்ந்த கதை.

ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: குழந்தையின் உடலில் எங்காவது உருவம் கலங்கியிருக்கிறதா? கை, கால், தலை எதுவானாலும்.

பதிவு 3 · தாள்பூச்சி

நண்பர் இருட்டறை சொன்னதோடு உடையின் நிறத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காலத்துக் கொலோடியன் தகடு, அதாவது கொலோடியன் என்ற பசைப்படலம் பூசி ஒளியை உணரச் செய்த கண்ணாடி, நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வேலை செய்தது. சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. அதனால் செந்நிறப் பட்டும் கரும்பச்சைக் கம்பளியும் படத்தில் கறுப்பாகிவிடும். வெளிர்நீல உடை வெள்ளையாகிவிடும். நீலக் கண்கள் விழியே இல்லாததுபோல் வெளுத்து விழும், முகத்தின் செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாகும், பொன்னிறக் கூந்தல் கருத்துவிடும். நிலைகுத்திய பார்வை என்று உங்கள் நண்பர் சொன்னதும் பெரும்பாலும் இந்த நீலக்கண் விளைவாகவே இருக்க வேண்டும். பச்சை, மஞ்சள் ஒளியையும் உணரும்படி சாயம் சேர்த்துத் தகடுகளை மாற்றலாம் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் கண்டறிந்ததே 1873-இல்தான்.

துக்க உடையை நிறத்தைக் கொண்டு அல்ல, பளபளப்பைக் கொண்டே அறிய வேண்டும். துக்கத்துக்கு அணிந்த கிரேப் துணியில் ஒளி படிந்து திரும்பாது. அது மங்கலாக, சுருக்கமாகத் தெரியும். தாயின் பாவாடை மடிப்புகளில் வெள்ளைக் கீற்றுகள் மின்னினால் அது பட்டு.

பதிவு 4 · நிழற்பேழை

இருவருக்கும் நன்றி. மடிப்புகள் மின்னுகின்றன. குழந்தையின் வலது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் புகை போன்ற ஒரு வெண்மை மட்டுமே இருக்கிறது, உதைத்திருக்கிறது போலும். அதைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிம்மதி.

ஆனால் தலைப்பிலுள்ள கேள்வி அப்படியே நிற்கிறது. நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால்தான் யாரும் சிரிக்கவில்லை என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். அது போதுமான காரணமா?

பதிவு 5 · மூன்றாம்வரிசை

போதாது. 1839-க்கும் 1865-க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டை ஒரே காலமாகச் சுருக்கிவிடுவதால் வரும் பிழை அது. 1839 ஆகஸ்ட் 19-ஆம் நாள் டாகர் என்பவரின் ஒளிப்பட முறை பாரிசில் முழுமையாக வெளியிடப்பட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்தன. தெருவும் கட்டடமும் பதிந்தன, மனிதர்கள் பதியவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குள் நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியர் ஜான் டிரேப்பர் தம் சகோதரி டாரதியைப் படமெடுத்தார். அவர் முகத்தில் மாவு பூசிக்கொண்டு 65 நொடிகள் அசையாமல் அமர்ந்திருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் வந்தது, தகட்டைப் பதப்படுத்த அயோடினுடன் புரோமின் ஆவியும் சேர்ந்தது, நேரம் குறைந்துகொண்டே போனது. உங்கள் அட்டை எடுக்கப்பட்ட காலத்தில், நல்ல வெளிச்சமுள்ள கூடத்தில் சில நொடிகளே தேவைப்பட்டன. சில நொடிகள் புன்னகைக்க யாராலும் முடியும்.

அவர்கள் சிரிக்காததற்குக் காரணம், சிரிப்பதற்காக அவர்கள் அங்கே போகவில்லை என்பதுதான். உருவப்படம் என்றால் என்னவென்று அவர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்திருந்தது. பல்லைக் காட்டிச் சிரிப்பவர் ஓவியத்தில் குடிகாரராகவோ கோமாளியாகவோ சிறுபிள்ளையாகவோதான் இருப்பார். லண்டனில் 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்டு திறந்த கூடத்தில், டாகரின் முறையில் எடுத்த படமான டாகரோடைப் ஒன்றுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டணம். ஒரு கினி கொடுத்து யாரும் கோமாளியாக விரும்பமாட்டார்கள். கட்டணம் சென்ட் கணக்குக்கு இறங்கிய பிறகும் தோரணை மாறவில்லை. அந்தத் தோரணையைத்தான் மக்கள் மலிவு விலைக்கு வாங்கினார்கள் என்பது என் எண்ணம். பின்னால் தீட்டிய திரை, காகிதக்கூழால் செய்த தூண், படிப்பறை என்று காட்டுவதற்காகக் கையில் ஒரு புத்தகம்: இவை எதுவும் அந்தக் குடும்பத்துடையவை அல்ல. உங்கள் படத்திலுள்ள தாயின் கையிலிருக்கும் புத்தகம் அன்று காலை வேறு எத்தனை பெண்களின் கையில் இருந்ததோ.

இன்னொன்று ஆல்பம். 1860-இல் லண்டனின் ஒளிப்படக் கலைஞர் மேயால் விக்டோரியா அரச குடும்பத்தின் படங்களை இந்த அட்டை அளவில் வெளியிட்டார். அவை மிகப் பெரிய எண்ணிக்கையில் விற்றன. அட்டை அளவு எங்கும் ஒன்றே என்பதால், ஒரே ஆல்பத்தின் ஒரே மாதிரியான சாளரங்களில் அரசியும், படைத்தலைவரும், அத்தையும், மைத்துனரும் அடுத்தடுத்து அமர்ந்தார்கள். அந்த வரிசையில் தானும் இருக்கப்போகிறோம் என்று அறிந்தவர் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்?

பதிவு 6 · இருட்டறை

மூன்றாம்வரிசை அவர்களின் வாதத்தை முக்கால் பங்கு ஏற்கிறேன். மீதிக் கால் பங்குக்கு மறுப்பு இருக்கிறது. நான் கொலோடியனைப் பயன்படுத்தும் ஈரத்தகட்டு முறையில் பல படங்கள் எடுத்துப் பார்த்தவன். சில நொடிகள் என்று எழுதுவது எளிது. புன்னகை இரண்டாம் நொடியில் கன்னத்தில் இறுகத் தொடங்கி, நான்காம் நொடியில் முகச்சுளிப்பாகிவிடுகிறது; தகட்டில் பதிவது அந்தச் சுளிப்புதான். ஓய்வாக விட்ட முகம் மட்டுமே அவ்வளவு நேரம் மாறாமல் இருக்கும். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்து முகங்களும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும்.

ஒரு தகட்டைத் தயாரிப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் படத்திலுள்ளவர்களின் பொறுமையை அது இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. துடைத்த கண்ணாடியை விரல்நுனியில் ஏந்தி, ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கொலோடியனை நடுவில் ஊற்றி, ஒவ்வொரு மூலையாகச் சாய்த்துப் படரவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியே குப்பிக்குள் வடிக்க வேண்டும். ஈதர் நெடி தலையைச் சுற்றும். அந்தப் படலம் இறுகியும் இறுகாமலும் இருக்கும்போதே இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் மூன்று நிமிடம் அமிழ்த்தி, சொட்டச் சொட்ட எடுத்துச் சட்டத்தில் பொருத்தி, கேமராவுக்கு ஓடி, படமெடுத்து, திரும்பி ஓடி, காய்வதற்குள் டெவலப் செய்தாக வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் அதிகம். காய்ந்துவிட்டால் தகடு வீண். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துவிடும்; எவ்வளவு கழுவினாலும் போகாது. கழுவும் வேலைக்குப் பலர் சயனைடைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இம்முறையை 1851-இல் வெளியிட்ட ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் காப்புரிமை எதுவும் பெறவில்லை; உலகமே அதில் பிழைத்தபோது அவர் 1857-இல் வறுமையில் இறந்தார்.

குடும்பம் நிற்கும் விதத்தையும் லென்ஸ்தான் தீர்மானித்தது. பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் கலங்கலாகவும் காட்டும்; அதன் குவிதளம் வளைந்தது. எனவே அனுபவமுள்ளவர்கள் குழுவை ஒரு வில்லைப்போல் அமைத்து, ஓரத்தில் நிற்பவர்களைச் சற்றே கேமராவை நோக்கி முன்னால் கொண்டுவந்து, தலைகளை நெருக்கிவைப்பார்கள். பாசத்தால் ஒன்றுகூடியது போலத் தெரியும் பல குடும்பங்கள் லென்ஸுக்காகக் கூடியவை.

பதிவு 7 · படிக்கல்

இடையில் ஒரு சிறு கேள்வி. இந்த அட்டையும் டின்டைப்பும் ஒன்றுதானா? டின்டைப்பில் உண்மையில் தகரம் உண்டா?

பதிவு 8 · தாள்பூச்சி

இல்லை, இரண்டுக்கும் இல்லை. டின்டைப் என்பது கறுப்பு அரக்குப் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. ஹாமில்டன் ஸ்மித் 1856-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காந்தம் ஒட்டும். டாகரோடைப் வெள்ளி பூசிய செம்புத் தகடு. ஆம்ப்ரோடைப் கறுப்புப் பின்னணி வைத்த கண்ணாடி. இவை மூன்றும் ஒற்றைப் படங்கள். இன்னொரு பிரதி வேண்டுமானால் படத்தையே மறுபடி படமெடுக்க வேண்டும். நிழற்பேழையின் அட்டை கண்ணாடி நெகட்டிவிலிருந்து தாளில் எடுத்த பிரிண்ட். பாரிசின் ஒளிப்படக் கலைஞர் திஸ்தேரி 1854-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பல லென்ஸ் கொண்ட கேமராவால் ஒரே தகட்டில் எட்டுப் படங்கள் வரை பதித்து, ஒரே தாளில் அச்சிட்டு, வெட்டி ஒட்டுவார்கள். மலிவுக்குக் காரணம் அதுவே.

அந்தத் தாளைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை. இழை திசைமாறுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். உங்கள் அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பளபளப்பு தெரியும், இல்லையா? அது முட்டை வெண்கரு. உப்புச் சேர்த்து நுரைக்க அடித்து, தெளியவிட்டு, அதன் மேல் தாளை மிதக்கவிட்டு எடுத்துக் காயவைப்பார்கள். வெண்கருவைச் சில நாள் புளிக்கவைத்தால் பளபளப்பு கூடும் என்பதால் ஆலைகளின் நாற்றம் சொல்லி முடியாது. 27 டஜன் முட்டை உடைத்தால் 480 தாள் கொண்ட ஒரு ரீமுக்குப் பூசலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த மிகப் பெரிய ஆலை 1888-இல் 18,674 ரீம் தயாரித்தது. கணக்குப் போட்டால் அந்த ஓர் ஆலை ஓராண்டில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவழித்திருக்கிறது. அவற்றைக் கையால் உடைத்து, மஞ்சள் கருவைப் பிரித்தெடுத்தவர்கள் பெண்கள். ஒரு குடும்பத்தின் கண்ணியமான முகம் கோழிப்பண்ணையையும் வெள்ளிச் சுரங்கத்தையும் நம்பியிருந்தது. தாள் மெல்லியது என்பதால் தானாகச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் கெட்டி அட்டையில் ஒட்டினார்கள். படத்தின் வெண்பகுதிகள் இன்று மஞ்சளித்திருப்பதும் அந்த வெண்கருவால்தான். அந்தக் காலத்தின் நிறம் என்று நாம் ரசிக்கும் பழுப்பு மங்கலில் பாதி வெறும் பழுது.

பதிவு 9 · மூன்றாம்வரிசை

பிரதி எடுக்க முடிவதும் முடியாததும் ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். காலமும் உங்கள் அட்டையோடு பொருந்துகிறது. 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின், அடையாளம் தெரியாத ஒரு வீரரின் உடல் கையில் ஓர் ஆம்ப்ரோடைப்பைப் பற்றியபடி கிடைத்தது. அதில் மூன்று குழந்தைகள். பெயர் இல்லை, முகவரி இல்லை. அப்போது செய்தித்தாள்களில் ஒளிப்படத்தை அச்சிட வழியில்லை. எனவே அக்டோபர் 19 அன்று ஒரு பிலடெல்பியா நாளேடு அந்தப் படத்தைச் சொற்களால் விவரித்தது: குழந்தைகளின் வயது என்னவாக இருக்கலாம், யார் எங்கே அமர்ந்திருக்கிறார், யாருடைய சட்டை என்ன துணி என்று. மற்ற ஏடுகள் அதை எடுத்து வெளியிட்டன. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில் அதைப் படித்த ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண், அப்படியொரு படத்தைத் தாம் கணவருக்கு அனுப்பியிருந்ததாகக் கடிதம் எழுதினார். பிரதி எடுத்த அட்டைப்படம் அவருக்கு வந்து சேர்ந்தபோது, தம் குழந்தைகளைக் கண்டதோடு தாம் கைம்பெண்ணானதையும் அறிந்தார். அந்த அட்டைப் பிரதிகள் பின்னர் விற்கப்பட்டன. வந்த பணம் போரில் தந்தையை இழந்த குழந்தைகளுக்காக 1866-இல் கெட்டிஸ்பர்க்கில் திறக்கப்பட்ட இல்லத்துக்கு உதவியது.

பிரிவுக்காகவே பல குடும்பப் படங்கள் எடுக்கப்பட்டன. போருக்குப் போகிறவர், கப்பலேறுகிறவர், பிழைக்குமா என்று தெரியாத குழந்தை. அந்த எண்ணத்தோடு கேமரா முன் நிற்பவர்களிடம் நாம் புன்னகையைத் தேடுகிறோம்.

பதிவு 10 · இருட்டறை

ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தானாக உட்கார முடியாத கைக்குழந்தை, உதைத்துக்கொண்டிருந்த குழந்தை, துணி போர்த்திய இருக்கையில் எப்படி நிமிர்ந்து அமர்ந்திருக்கிறது? நிழற்பேழை அவர்களே, அந்தத் துணியை மட்டும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அக்காலத்தில் குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பெண் நாற்காலிபோல் அமர்ந்து, தலைமுதல் கால்வரை கனத்த துணியைப் போர்த்திக்கொள்வது பரவலான உத்தி. ஆல்பத்தின் சாளரத்துக்குள் வைக்கும்போது ஓரங்கள் மறைந்துவிடும் என்பதால் கொஞ்சம் தெரிந்தாலும் கவலைப்படமாட்டார்கள். மறைந்திருக்கும் தாய் என்று சேகரிப்பாளர்கள் இதைச் சொல்வார்கள்.

பதிவு 11 · நிழற்பேழை

பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன். இருக்கையின் முதுகு என்று நான் நினைத்திருந்தது மேலே உருண்டையாக முடிகிறது. இருபுறமும் தோள்களைப்போல் இறங்குகிறது. குழந்தையின் இடுப்புக்கருகில் துணியின் விளிம்பு மடிந்திருக்கும் இடத்தில், அங்கியின் வெள்ளையில் அழுந்தியபடி, நான்கு விரல்கள். இத்தனை ஆண்டுகளாக அங்கியின் சுருக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் இது மறைந்திருக்கும் தாய் அல்ல. தாய் பக்கத்தில் நிற்கிறாரே. அவருடைய வலக்கை கணவரின் தோளில் இருக்கிறது, இடக்கை புத்தகத்தில்.

பதிவு 12 · மூன்றாம்வரிசை

அப்படியானால் குழந்தையைப் பிடிக்க வேண்டியவர், ஆனால் படத்தில் இருக்கக் கூடாதவர் என்று கருதப்பட்ட ஒருவர். செவிலியாக இருக்கலாம், மூத்த மகளாக இருக்கலாம், ஸ்டூடியோவின் உதவியாளராகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் 1865-ஐ ஒட்டிய காலம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிமைப்பட்டிருந்த, அல்லது புதிதாக விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் வெள்ளைக் குடும்பத்தின் குழந்தையை மடியில் வைத்திருக்கும் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. குழந்தையின் பெயர் எழுதப்பட்டிருக்கும், பெண்ணின் பெயர் இருக்காது. அதே ஆண்டுகளில்தான், அடிமையாகப் பிறந்த சோஜர்னர் ட்ரூத் தம் அட்டைப்படத்தைத் தாமே விற்று, உடலைத் தாங்க நிழலை விற்கிறேன் என்ற வாசகத்தை அதன் கீழ் அச்சிட்டார். கையில் பின்னல் ஊசி, முகத்தில் மூக்குக்கண்ணாடி, ஒழுங்கான சால்வை: தம் தோரணையைத் தாமே தேர்ந்துகொண்டார். ஒரே அளவு அட்டை, ஒரே வெண்கருத் தாள். யாருக்கு முகம் கிடைத்தது என்பதில்தான் வேறுபாடு.

இருந்தாலும் நான்கு விரல்களைக் கொண்டு உங்கள் படத்திலிருப்பவர் யாரென்று முடிவுசெய்ய முடியாது. சிவந்த தோலும் வெயிலில் கருத்த தோலும்கூடக் கொலோடியனில் கருத்தே விழும் என்று தாள்பூச்சி முன்னரே விளக்கிவிட்டார்.

பதிவு 13 · தாள்பூச்சி

ஆம், நிறத்தை நம்ப வேண்டாம். தாயின் கையோடு ஒப்பிட்டு விரல்களின் அளவைப் பாருங்கள். சிறுமியின் கையா, பெரியவரின் கையா என்பதாவது தெரியும். அட்டையின் பின்புறத்தில் நெகட்டிவ் எண் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரதிகள் வேண்டுவோர் கேட்டுப் பெறலாம் என்பதற்காகப் பல ஸ்டூடியோக்கள் தகடுகளைப் பாதுகாத்து எண்ணிட்டன. வேறு பிரதி எங்காவது கிடைத்தால், அது வேறுவிதமாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கலாம்.

பக்கவாட்டில் ஒரு நினைவு: 1888-இல் ஈஸ்ட்மன் 25 டாலருக்கு நூறு படம் எடுக்கும் கோடாக் கேமராவையும், 1900-இல் ஒரு டாலருக்குப் பிரௌனியையும் விற்கத் தொடங்கியபின், குடும்பங்கள் தாங்களே படமெடுத்துக்கொண்டன. அந்தப் படங்களிலும் ஒருவர் குறைவார். அவர் துணிக்குள் இருக்கமாட்டார், கேமராவுக்குப் பின்னால் இருப்பார். அவருடைய நிழல் மட்டும் சில சமயம் புல்தரையில் நீண்டு விழுந்திருக்கும்.

பதிவு 14 · நிழற்பேழை

அளந்துவிட்டேன். நடுவிரலின் அகலம் தாயின் நடுவிரலுக்குச் சமம், ஆகவே பெரியவர். மோதிரம் இல்லை. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றன. பின்புறத்தில் பென்சிலால் ஓர் எண் இருக்கிறது. கடைசி இலக்கத்தின் மீது வரிவில்லை ஒட்டப்பட்டிருப்பதால் முழுவதும் படிக்க முடியவில்லை, வில்லையை உரிக்கவும் மனமில்லை.

என் சேகரிப்புக் குறிப்பேட்டில் இந்த அட்டைக்கு எதிரே ‘குடும்பம், ஐவர்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘அறுவர்’ என்று மாற்றியிருக்கிறேன்.